பதினைந்து ஆட்டம் ஆடிய ஆண்டும் இரண்டே ஆட்டம் ஆடிய ஆண்டும்

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியில் அஸி ஃபட் ஆடிய இரண்டு பருவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2022–23 பருவத்தில் அவர் 15 ஆட்டங்கள் ஆடினார். 2023–24 பருவத்தில் ஆடியவை இரண்டே. இரண்டையும் கெடுத்தது அதே வலது முழங்கால். ஆனால் 15 ஆட்டம் ஆடிய ஆண்டு, கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு பருவக் கணக்கிலிருந்து முழுதாகக் கழிந்துபோனது. இரண்டு ஆட்டம் ஆடிய ஆண்டு முழுதாகத் திரும்பக் கிடைத்தது.

அடிபட்டவர் எழுந்து வந்து கோப்பை வாங்கும் கதைகளை நானும் விரும்பிப் படிப்பவன்தான். மன உறுதி, அதிகாலை எழுந்து செய்த பயிற்சி, கண்ணீர், கடைசியில் கைதட்டல் என்று அவை எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். அவற்றில் அநேகமாக விடுபட்டுப்போவது காலண்டர். அமெரிக்கப் பள்ளியில் ஆடிப் பெயரெடுத்த ஒருவர் காயத்தைத் தாண்டிக் கல்லூரி அணியில் நிலைப்பாரா என்பதில் அவருடைய மன உறுதிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, எந்த வயதில், எந்த மாதத்தில், எந்த விதியின் கீழ் அடிபட்டார் என்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு. அஸி ஃபட்டின் முழங்காலைத் தொடர்ந்து போனால் இது விளங்கும்.

அஸி 2002 நவம்பர் 11 அன்று பிறந்தவர். அம்மா கேட்டி கல்லூரியில் ஆடி, 2001-இல் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தான டபிள்யூ.என்.பி.ஏ. அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்பா டிமும் கல்லூரி அணியில் ஆடியவர். 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்த ஜெனிஃபர் அஸியின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார்கள். வாஷிங்டன் நகரில் செயின்ட் ஜான்ஸ் காலேஜ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். (பெயரில்தான் காலேஜ், உண்மையில் அது பள்ளிக்கூடம்.) 2018-இல், ஆண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி நடத்திய பயிற்சி முகாமுக்கு முதன்முதலாக அழைக்கப்பட்ட பெண்கள் இருவரில் இவர் ஒருவர். அங்கே பையன்களோடு போட்டியிட்டு மூன்று புள்ளி எறிதல் போட்டியில் வென்றார். அடுத்த ஆண்டு, நாட்டின் சிறந்த பள்ளி வீராங்கனைக்கான கேட்டரேட் விருது இவருக்குக் கிடைத்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

2019 ஏப்ரலில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசிய மூவர் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. அதில் ஆடும்போது அஸியின் வலது முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் நடு இணைப்பு நாரும், உள்பக்க நாரும் கிழிந்தன. அப்போது அவருக்கு வயது 16.

நம் ஊரில் இதற்குத் தனித்தனிப் பெயர்கள் இல்லை. கபடி ஆடுகிறவரைக் கேட்டாலும், மாடிப்படியில் சறுக்கி விழுந்தவரைக் கேட்டாலும் 'முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பார்கள். எந்த ஜவ்வு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்காலின் உள்பக்க நார் கிழிந்தால் பெரும்பாலும் ஓய்விலும் பட்டையிலும் தானே ஒட்டிக்கொள்ளும். மூட்டின் நடுவே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டியிருக்கும் ஏ.சி.எல். அப்படி ஒட்டுவது அரிது. அதற்கு வரும் ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்த முனைகள் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். நேராக நடப்பதற்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென நின்று திரும்ப முடியாது. கூடைப்பந்தே அந்தத் திரும்பல்தான்.

ஆகவே அறுவை சிகிச்சை. கிழிந்த நாரைப் பெரும்பாலும் தைப்பதில்லை. முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ, தொடையின் பின்புறத்திலிருந்தோ, முன்புறத்திலிருந்தோ ஒரு துண்டு தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். ஒரு விநோதம் உண்டு. பொருத்தப்பட்ட துண்டு முதல் நாளில் இருந்த உறுதியைச் சில வாரங்களில் இழக்கிறது. புது ரத்த நாளங்கள் அதற்குள் வளர்ந்து அது மெல்ல மெல்ல இணைப்பு நாராக மாறும்வரை அது பலவீனமாகவே இருக்கும். வலி போய்விடும், வீக்கம் வடிந்துவிடும், தசையும் ஓரளவு தேறிவிடும். ஆட்டக்காரருக்குத் தான் சரியாகிவிட்டதாகத் தோன்றும் காலமும் உள்ளே இருப்பது உண்மையில் சரியாகும் காலமும் ஒன்றல்ல. 16 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது அறுவை சிகிச்சையைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு காத்திருக்க வேண்டும்? நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் அளவு பாதியாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. ஒன்பது மாதத்துக்குப் பிறகு தள்ளிப்போட்டதில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வு, 25 வயதுக்குக் கீழே இருந்து மறுபடி விளையாடப் போனவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு முழங்காலில் ஏ.சி.எல். மீண்டும் கிழிந்ததாகச் சொன்னது. குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு முதல் எட்டு மடங்கு அதிகம் என்பது பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிவது, தொடையின் முன்தசைக்கும் பின்தசைக்கும் உள்ள வலு வித்தியாசம், ஹார்மோன் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சிறு வயதிலிருந்தே பெண்களுக்கு முறையான எடைப் பயிற்சி கிடைக்காததும் காரணம் என்ற வாதம் இப்போது வலுக்கிறது. எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அந்த ஒன்றைத்தான் மனிதர்கள் மாற்ற முடியும்.

அமெரிக்கக் கல்லூரிகள் பள்ளி ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பிடிப்பது பள்ளி ஆட்டங்களில் மட்டும் நடப்பதில்லை. கோடைக் கால கிளப் அணிகளின் போட்டிகளில்தான் பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பதினோராம் வகுப்புக்கு முந்தைய கோடையும் பிந்தைய கோடையும் முக்கியம். ஒரு கோடை போனால் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமலே போய்விடுவார்கள். அஸி 2019 கோடை முழுவதையும் இழந்தார். ஆனால் அவரைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே பார்த்து முடித்திருந்தார்கள். 2021-இல் கல்லூரியில் சேரப்போகும் மாணவிகளின் தரவரிசையில் அவர் முதலிடத்திலேயே இருந்தார். கல்லூரிக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. 2019–20 பருவத்திலேயே பள்ளிக் களத்துக்குத் திரும்பினார். 2020-இல் தன் 18-ஆம் பிறந்தநாளன்று கனெக்டிகட்டைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார்.

இதே காயம் இன்னொருவருக்கு வேறு மாதத்தில் நேர்ந்தது. வடக்குக் கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தைச் சேர்ந்த ஹாரி ஜைல்ஸ் 2016-இல் பள்ளி முடித்த தொகுதியின் தலைசிறந்த பையன்களில் ஒருவர்; சிலருடைய பட்டியலில் முதலாமவர். 2013-இல் அமெரிக்க இளையோர் அணிக்காக உருகுவேயில் ஆடும்போது இடது முழங்கால் சிதைந்தது. அதிலிருந்து மீண்டு, பழைய உயரத்தை எட்டினார். 2015 நவம்பரில், பள்ளி இறுதியாண்டின் முதல் ஆட்டத்திலேயே வலது முழங்காலின் ஏ.சி.எல். கிழிந்தது. டியூக் பல்கலைக்கழகம் கைவிடவில்லை. ஆனால் அங்கே சேர்ந்த ஆண்டே, 2016 அக்டோபரில், இடது முழங்காலில் இன்னொரு சிறு அறுவை. 26 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரி 3.9 புள்ளி. அதோடு கல்லூரி முடிந்தது. 2017-இல், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் என்.பி.ஏ. தேர்வில் 20-ஆம் ஆளாக எடுக்கப்பட்டு, முதல் தொழில்முறைப் பருவம் முழுவதும் ஆடாமலே இருந்தார்.

ஜைல்ஸ் ஏன் இன்னோர் ஆண்டு கல்லூரியில் இருந்து தேறவில்லை? ஆண்கள் ஆட்டத்தின் காலண்டர் அப்படி. 19 வயதாகி, பள்ளி முடித்து ஓராண்டு ஆனால் என்.பி.ஏ.வுக்குப் போகலாம். முன்னணிப் பையன்களுக்குக் கல்லூரி என்பது ஒரே ஆண்டுச் சத்திரம். இருமுறை முழங்கால் போனவருக்கோ மூன்றாம் முறை நேர்வதற்குள் முதல் சம்பளத்தை வாங்கிவிட வேண்டும் என்ற நெருக்கடி வேறு. பெண்களுக்கான விதி வேறு: அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போக, தேர்வு நடக்கும் ஆண்டில் 22 வயது நிரம்ப வேண்டும், அல்லது பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பெண்களைத் தடுத்து வைக்கும் விதி என்று இதை விமர்சிப்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் முழங்கால் பக்கம் நின்று பார்த்தால், தேறி வருவதற்கான நான்கு ஆண்டு இடைவெளியை அது கொடுத்துவிடுகிறது.

தரவரிசையின் உச்சியில் இருப்பவர்களுக்கு வாசல் திறந்தே இருக்கும். இருநூறாம் இடத்தில் இருப்பவருக்கு? பள்ளி மாணவர் வாய்மொழியாகச் சம்மதம் சொல்வதும், பயிற்சியாளர் வாய்மொழியாக இடம் தருவதும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. உதவித்தொகையே கூட 1973 முதல் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒன்றாக இருந்தது. அடிபட்டவருக்கு அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விட்டால் கேட்க ஆள் இல்லை. 2012-இல்தான் பல ஆண்டு உதவித்தொகைக்கு அனுமதி வந்தது. ஆட்டத் திறன் குறைந்தது என்ற காரணத்தால் உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று கல்லூரி அணிகளின் ஐந்து பெரிய கூட்டமைப்புகள் 2015 ஜனவரியில் முடிவெடுத்தன. அதுவரை எல்லாம் பயிற்சியாளரின் மனசாட்சிதான்.

அந்த மனசாட்சி வேலை செய்ததற்கு ஒரு சாட்சி உண்டு. இண்டியானாவின் ஃபோர்ட் வேனைச் சேர்ந்த ஆஸ்டின் ஹாட்ச், 2011 ஜூனில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடச் சம்மதம் சொன்னார். ஒன்பது நாள் கழித்து அப்பா ஓட்டிய சிறு விமானம் விழுந்தது. அப்பாவும் சிற்றன்னையும் இறந்தார்கள். எட்டு ஆண்டுக்கு முன் இதேபோல் ஒரு விமான விபத்தில்தான் அவருடைய அம்மாவும் உடன்பிறந்த இருவரும் போயிருந்தார்கள். தலையில் பலத்த அடியோடு ஹாட்ச் ஏறக்குறைய எட்டு வாரம் நினைவில்லாமல் கிடந்தார். எழுந்த பிறகு நடக்கவே கற்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் ஜான் பீலைன் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவில்லை. ஹாட்ச் 2014 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி ஒன்றுக்காகக் களமிறங்கி ஒரு மூன்று புள்ளி எறிந்தார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று மிச்சிகன் சட்டையில் ஒரு ஃப்ரீ த்ரோவைக் கூடைக்குள் போட்டார். கல்லூரி ஆட்டத்தில் அவர் எடுத்த ஒரே புள்ளி அது. அடுத்த ஆண்டு அவரை மருத்துவ உதவித்தொகைக்கு மாற்றினார்கள்: படிப்புச் செலவு தொடரும், அணிக்கு அப்போது இருந்த 13 உதவித்தொகை இடங்களில் ஒன்று காலியாகும். இரக்கத்துக்கும் கணக்கு உண்டு. இங்கே இரண்டும் ஒத்துப்போயின. 2018-இல் பட்டம் பெற்றார்.

அஸியின் கல்லூரிக் கணக்குக்கு வருவோம். முதல் ஆண்டு, 2021–22, பாதத்தில் காயம். 11 ஆட்டங்கள் போயின. இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. டெக்சஸுக்கு எதிராக 32 புள்ளி. அதே மாதம் வடக்குக் கரோலினா ஸ்டேட்டுக்கு எதிராகவும் 32. டிசம்பர் தொடக்கத்தில் நோட்டர் டேம் அணியோடு ஆடும்போது வலது முழங்காலில் அடி. எட்டு ஆட்டம் வெளியே. ஜனவரி நடுவில் திரும்பினார். உடனே மறுபடி அடிபட்டு இன்னும் 14 ஆட்டம் வெளியே. மார்ச்சில் மீண்டும் வந்தார். அணி 37 ஆட்டம் ஆடிய பருவத்தில் இவர் ஆடியது 15.

ஆடாமல் உட்கார்ந்த பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதைக் குறிக்கும் 'ரெட்ஷர்ட்' என்ற சொல் இங்கேதான் வருகிறது. பயிற்சியில் மட்டும் கலந்துகொண்டு போட்டியில் இறங்காதவர்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்ததால் வந்த பெயர் என்பார்கள். கல்லூரி ஆட்டக்காரருக்கு ஐந்து ஆண்டுக் கெடு. அதற்குள் நான்கு பருவம் ஆடலாம். காயத்தால் போன பருவத்தை நான்கில் சேர்க்காமல் விட வேண்டுமானால், அடி பருவத்தின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும்; அதன் பிறகு அந்தப் பருவத்தில் ஆடியிருக்கவே கூடாது; ஆடியவை மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மருத்துவச் சான்றும் வேண்டும்.

மார்ச் மாதத்தில் அணிக்காக முழங்காலைத் தேற்றிக்கொண்டு வந்து ஆடியதோடு அஸிக்கு அந்த வாய்ப்பு முடிந்தது. ஓய்வெடுத்துக் கொண்டிருந்தால் லாபம், வந்து ஆடினால் நட்டம் என்று ஒரு விதி இருப்பது எனக்கு உறுத்துகிறது. விதி எழுதியவர்கள் ஏமாற்றைத் தடுக்கத்தான் எழுதினார்கள். ஆனால் அது அவசரப்பட்டுத் திரும்பாத அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் உள்ளவருக்குச் சாதகமாக இருக்கிறது. அந்த மார்ச்சில் கனெக்டிகட், ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்றது. தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளில் தொடர்ந்து 14 முறை இடம்பெற்ற வரிசை அதோடு அறுந்தது.

2023 நவம்பரில், இரண்டு ஆட்டம் முடிந்த நிலையில், பயிற்சியின்போது அதே வலது முழங்காலின் ஏ.சி.எல். மறுபடி கிழிந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் உள்பக்கக் குருத்தெலும்புத் தட்டும் கிழிந்தது. நான்கில் ஒருவர் என்று முன்பு சொன்ன கணக்கில் அவரும் விழுந்தார். மறுபடி அறுவை, மறுபடி நீண்ட காத்திருப்பு. இந்த முறை காலண்டர் அவர் பக்கம் இருந்தது. நவம்பர், இரண்டே ஆட்டம், திரும்பி வரும் பேச்சுக்கே இடமில்லை. ஓர் ஆண்டு அப்படியே திரும்பக் கிடைத்தது.

அணியில் அவருக்கு முன்னால் இதே பாதையில் போனவர் ஒருவர் இருந்தார். பெய்ஜ் பெக்கர்ஸ் 2022 ஆகஸ்டில் இடது முழங்காலின் ஏ.சி.எல். கிழிந்து, 2022–23 முழுவதும் உட்கார்ந்திருந்தார். நாட்டின் முதலிடத்தில் இருந்த இரு மாணவிகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்த்த பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா, அவர்கள் இருவரையும் முதல் மூன்று ஆண்டில் சேர்த்து ஆடவைத்தது 17 ஆட்டங்களில்தான். ஒருவர் களத்தில் இருந்தால் மற்றவர் ஊன்றுகோலில்.

2024 நவம்பர் 20 அன்று அஸி திரும்பினார். சில வாரத்தில் முழங்கால் லேசாகச் சுளுக்கி மூன்று ஆட்டம் உட்கார்ந்தார். அந்தச் செய்தி வந்தபோது கனெக்டிகட் ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். 2025 பிப்ரவரி 16 அன்று தெற்குக் கரோலினாவின் சொந்த அரங்கில் 28 புள்ளி எடுத்தார். கனெக்டிகட் 87–58 என்று வென்றது. ஏப்ரல் 6 அன்று டாம்பாவில் நடந்த தேசிய இறுதிப் போட்டியிலும் எதிரே அதே தெற்குக் கரோலினா. 82–59. அஸி 24 புள்ளி எடுத்து, இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 2016-க்குப் பிறகு கனெக்டிகட்டுக்குக் கிடைத்த முதல் பட்டம், மொத்தத்தில் 12-ஆவது.

டாம்பாவுக்கு முன்பே, மார்ச்சில், அவர் ஒரு முடிவை அறிவித்திருந்தார். 22 வயது நிரம்பிவிட்டது. அந்த ஏப்ரலில் டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுக்குப் போகத் தடையில்லை. பெக்கர்ஸ் போனார், முதல் ஆளாக எடுக்கப்பட்டார். முதல் ஆளுக்கான முதலாண்டுச் சம்பளம் அப்போது 80,000 டாலரைத் தொடவில்லை. தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து கல்லூரி மாணவியே சம்பாதிக்கலாம் என்ற விதி 2021-இல் வந்த பிறகு, முன்னணி வீராங்கனைகளுக்கு அது பெரிய தொகையாகத் தெரியவில்லை. அஸி கனெக்டிகட்டிலேயே இருந்தார். சேர்ந்தது 2021, ஐந்து ஆண்டுக் கெடு 2026 வரை. இரண்டு ஆட்டத்தோடு நின்றுபோன ஆண்டு இன்னும் செலவாகாமல் கையில் இருந்தது.